கலைக்களஞ்சியத்தில் ஓர் ஆட்டுக்கால்

போன வருஷம் அக்டோபர் இரண்டாம் தேதி. ஒக்கலிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை. காலை பத்து மணி.

அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மேடம். கூட்டம் போட்டவர் அவர்தான். ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு சார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு மனைவி. அதே பெஞ்சின் மறுமுனையில் அவருடைய கணவர். கடைசியாக நான்.

மற்ற நாலு பேரும் இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியம்தான். நான் புதிது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். சிவாஜிநகரில் ஒரு கறிக்கடையில் தலைக்கால் வாட்டுகிறேன். ஆட்டின் தலையையும் கால்களையும் தீயில் காட்டி, முடியைக் கருக்கி, கத்தியால் சுரண்டி, குளம்பைத் தட்டிக் கழற்றிக் கழுவிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். ஐந்தாவது வரை தமிழ் மீடியம். பேப்பர் படிப்பேன். எழுதியது இல்லை.

நான் இதில் எப்படி வந்து சேர்ந்தேன் என்றால், ஒரு பன்றிக்காலால்.

அந்த மேடம் எங்கள் கடைக்கு வருகிறவர். ஜூலை மாதம் ஒரு நாள் வந்தார்.

“அண்ணா, முதல் தடவையா பாயா செய்யப் போறேன். இந்த மாதிரி கால் நாலு குடுங்க” என்று போனை நீட்டினார்.

பார்த்தேன். கலைக்களஞ்சியத்தில் ‘ஆட்டுக்கால்’ என்று ஒரு பக்கம். பக்கத்தில் ஒரு படம். வெள்ளையாக, கொழுகொழு என்று இருந்தது.

“இது ஆடு இல்ல மேடம்.”

“என்னண்ணா சொல்றீங்க? ஆட்டுக்கால்னு கீழ போட்டிருக்கே.”

“போட்டிருக்கட்டும். இது பன்னி.”

கட்டையில் கறி வெட்டிக்கொண்டிருந்த கடை முதலாளி பாய், கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

“யா அல்லா! சூவர் ரே இது! ஏம்மா, என் கடைக்குள்ள வந்து இத காட்டுறியே! போனை மூடு மொதல்ல!”

மேடத்துக்குச் சிரிப்பு. போனை மூடிவிட்டுச் சொன்னார், தானும் அதில் எழுதுகிறவர்தானாம். “தப்புன்னு நான் எடுத்துடலாம் அண்ணா. ஆனா எடுத்தா அந்த இடம் காலியா கெடக்கும். நல்ல படம் ஒண்ணு வேணும். படம் எடுத்தவங்களே ஏத்தணும், அதுதான் ரூல். நீங்க எடுத்து ஏத்துங்களேன்.”

“நான் அஞ்சாவதுதான் மேடம்.”

“அங்க யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க.”

அவர் போய்விட்டார். எனக்கு அந்தப் படம் கண்ணிலேயே நின்றது. எத்தனை பேர் அதைப் பார்த்து ஆட்டுக்கால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்? தப்பான சாமான் கொடுத்த மாதிரி இருந்தது. கொடுத்தது நான் இல்லை. இருந்தாலும்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்து, போனில் ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயர் கேட்டது. ‘தலைக்கால்’ என்று போட்டேன். எடுத்துக்கொண்டது. ‘வாருங்கள்’ என்று ஒரு வரவேற்பு வந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதில் ஒரு வரி. எங்கே சொல்வது என்று தெரியவில்லை. தேடும் கட்டத்தில் என் சொந்தப் பெயரை அடித்தேன். ‘இந்தப் பெயரில் பக்கம் இல்லை. நீங்கள் உருவாக்கலாம்’ என்று வந்தது. சரி, இங்கேதான் போலிருக்கிறது என்று உருவாக்கிவிட்டேன்.

என் பெயர், பிறந்த ஊர், ஐந்தாவது படித்தது, மனைவி, இரண்டு பெண்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது? ‘நல்லவன் என்று சொல்வார்கள்’ என்று முடித்தேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலம் பார்த்தேன். என் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை போட்டு ஒரு பலகை. ‘இது கலைக்களஞ்சியத்துக்கு உரிய முக்கியத்துவம் இல்லாத நபரைப் பற்றிய பக்கம். நீக்கப்பட வேண்டும்.’

இரண்டு தடவை படித்தேன். எழுதியிருந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. நான் முக்கியமான ஆள் இல்லைதான். ஆனாலும் அன்று நாலு கால் கூடுதலாகக் கருகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஆனதில்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார்.

காலையில் அந்தப் பக்கமே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் மேடம் வந்தார். “ஏத்துனீங்களா அண்ணா?” என்றார்.

“இல்ல. என்னைத் தூக்கிட்டாங்க.”

போனில் வந்திருந்த அறிவிப்பைக் காட்டினேன். படித்துச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அண்ணா, உங்கள சொல்லல இது. நீங்க இடம் மாறி எழுதிட்டீங்க. பெரிய பெரிய ஆளுங்கள பத்தின கட்டுரை இருக்கிற இடத்துல போய் உங்க வீட்டுக் கதைய எழுதினா என்ன பண்ணுவாங்க? எழுதறவங்களுக்குன்னு தனியா பக்கம் இருக்கு. அங்க என்ன வேணா சொல்லிக்கலாம். ஒக்கலிபுரத்துல கூடுறோம், வாங்க. அக்டோபர் ரெண்டு.”

“அன்னிக்குக் கறிக்கடை திறக்கக் கூடாது மேடம்.”

“அதுக்குத்தான் அன்னிக்கு வச்சிருக்கேன்” என்றார். பொய்தான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள். படித்தவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து மறுபடியும் ஒரு பலகை மாட்டிக்கொள்ள வேண்டுமா? பிறகு அந்தப் பன்றிக்கால் ஞாபகம் வரும். இன்னும் அங்கேயேதான் இருந்தது. தினம் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் நாலு மணி வெயிலில் படம் எடுத்தேன். நாலு கால், நன்றாக வாட்டிச் சுரண்டியது. இரண்டை மட்டும் குளம்போடு விட்டேன். பாய்தான் பலகையைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்.

“ரத்தம் தெரியக் கூடாது. வேற கோணத்துல எடு. ஏ, உன் செருப்பு தெரியுது பார்” என்றார்.

கறி வாங்க வந்த ஒருவர், “பாய், பொண்ணு பாக்க வராங்களா? கொஞ்சம் பவுடர் போட்டு விடுங்க” என்றார்.

“சும்மா இருய்யா. என் கடைக் கால் உலகம் பூரா போகப் போகுது” என்றார் பாய்.

இப்படித்தான் அந்த மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார் மேடம். எந்தப் பெயரில் எழுதுகிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள், அவ்வளவு போதும்.

மனைவி சொன்னார்: “நான் சமையல் பக்கங்கள். இங்கிலீஷ்ல இருக்கிறத மொழிபெயர்ப்பேன்.”

கணவர் சொன்னார்: “நான் கிரிக்கெட். நேரம் கெடச்சா இவ எழுதினதுல கமா போடுவேன்.”

“போடறது இல்ல. பிடுங்கறது. நான் போட்ட கமாவ இவர் பிடுங்குவார். நான் திரும்பப் போடுவேன். ஒரே வீட்டுல ஆளுக்கொரு ரூம்ல உக்காந்துக்கிட்டு.”

ரயில்வே சார் சொன்னார்: “நான் ஸ்டேஷன் ஸ்டேஷனா எழுதிக்கிட்டு வரேன். மிச்ச நேரத்துல குப்பை கூட்டுவேன். தேவையில்லாத பக்கம் கண்ணுல பட்டா, நீக்கணும்னு ஒரு பலகை மாட்டிடுவேன்.”

அடுத்தது நான்.

“தலைக்கால்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

ரயில்வே சார் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார். என்னைப் பார்த்தார்.

“‘நல்லவன் என்று சொல்வார்கள்’... அது நீங்களா?”

“நான்தான் சார்.”

“பலகை மாட்டினது நான்.”

“இப்பத்தான் தெரிஞ்சுது.”

அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை, என்னாலும் அவரைப் பார்க்க முடியவில்லை.

“கோபமா இருக்கீங்களா?” என்றார்.

“இல்ல சார். எழுதினது சரிதான்.”

“ஆய்த்து விடுங்க சார்” என்றார் கணவர், கன்னடத்தைக் கலந்து. “என்னைப் பத்தி எங்க வீட்டுலயே அப்படித்தான் பலகை மாட்டி வச்சிருக்காங்க.”

அவர் மனைவி அவரை முறைத்தார். ரயில்வே சார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

மேடம் என்னிடம், எதற்காக வந்தீர்கள் என்று இவர்களிடம் சொல்லுங்கள் என்றார். ‘ஆட்டுக்கால்’ பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். லேப்டாப்பில் பெரிதாக வந்தது. “இது பன்றியுடைய கால்” என்றேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வசதி. யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று எல்லாப் பக்கத்துக்கும் வரலாறு இருக்கும். ரயில்வே சார் அதைத் திறந்து கீழே கீழே போனார். ஓர் இடத்தில் நின்று மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, படம் போட்டது நீங்க.”

“நானா?” அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயையோ. ஏங்க, நான் சுத்த சைவம். ஆட்டுக்காலையே பார்த்ததில்ல. யாரோ ஏற்கெனவே ஏத்தி வச்சிருந்த படங்கள்ல தேடினேன், கால்னு ஒண்ணு வந்துச்சு, பார்க்க சுத்தமா இருந்துச்சு, போட்டுட்டேன்.”

கணவர் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். “அஞ்சு வருஷமா கமாவ தேடினேனே, இத பார்க்கலயே!”

என் படத்தை ஏற்றலாம் என்று உட்கார்ந்தோம். போனில் நானே செய்தேன், மேடம் பக்கத்திலிருந்து சொன்னார். ‘இது உங்கள் சொந்தப் படைப்பா?’ என்று ஒரு கேள்வி வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. கால் என்னுடையது இல்லையே. கடைச் சாமான். பாய்க்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் இருந்தது தெரியாது.

“பாய், படம் என் சொந்தமான்னு கேக்குது. என்ன போடட்டும்?”

“படம் எடுத்தவன் நீ. கால் ஆட்டோடது. பலகை மட்டும்தான் என்னோடது. போடு ரே!”

அறையே சிரித்தது. ‘ஆம்’ என்று போட்டேன்.

பன்றிக்கால் போயிற்று. என் ஆட்டுக்கால் வந்தது. மனைவி கை தட்டினார். அவர் தட்டியதால் கணவரும் தட்டினார்.

பத்து நிமிஷம்கூட இல்லை. பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். பன்றிக்கால் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது.

யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், என் மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்கியிருந்தார். காரணமும் எழுதியிருந்தார். ‘புதுப் பயனர். முன்பு தன்னைப் பற்றியே கட்டுரை எழுதியவர். விளக்கம் எதுவும் இல்லாமல் படத்தை மாற்றியுள்ளார்.’

எதை மாற்றினாலும் ஏன் என்று ஒரு வரி எழுத ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை நான் காலியாக விட்டிருந்தேன். மேடத்துக்கும் கவனம் இல்லை.

ரயில்வே சாரின் முகம் மாறிவிட்டது. “நான் மாட்டின பலகையப் பார்த்துத்தான் இவர் சந்தேகப்பட்டிருக்கார்” என்றார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். “ஒரு நிமிஷம். நான் மாத்திடறேன். நான் மாத்தினா யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“வேண்டாம் சார்” என்றேன்.

“ஏன்?”

“உங்களுக்காக விட்டுட்டா, நான் சொன்னது சரின்னு அவருக்கு எப்படித் தெரியும்? நானே எழுதறேன்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. சண்டையோ சந்தேகமோ அங்கேதான் பேச வேண்டும். கட்டுரையில் எழுத வேண்டுமானால் புத்தகம், பத்திரிகை என்று சான்று காட்ட வேண்டும், என் கை அனுபவம் செல்லாது. பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லலாம். ரயில்வே சார்தான் இதை விளக்கினார்.

எழுத ஆரம்பித்தேன். ஒற்றைக் கட்டைவிரலால். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். புளியோகரேயும் சித்ரான்னாவும், அதாவது புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும், வாங்கி வந்திருந்தார்கள். மனைவி ஒரு தட்டு போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆறிக்கொண்டிருந்தது. இதுவும் போய்விட்டால் இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒரு படத்துக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது உலகத்தில் இது ஒன்றுதான். அதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டால், பிறகு எதைச் சொல்வது?

நான் எழுதியது இது:

‘ஐயா, நான் சிவாஜிநகரில் ஆட்டுத் தலை, கால் வாட்டும் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடம். பழைய படத்தில் இருப்பது பன்றியின் கால். ஆடு தரையில் ஊன்றுவது இரண்டு குளம்பு. பின்னால் இருக்கும் இரண்டும் சின்னப் பொட்டு மாதிரி. பன்றிக்குப் பின்னால் இருப்பதும் விரல் மாதிரி நீண்டிருக்கும். பழைய படத்தில் நாலு விரல் தெரிகிறது, எண்ணிப் பார்க்கவும். ஆட்டுக்கால் ஒல்லி. தோலும் எலும்பும்தான். காரணம் எழுதாமல் மாற்றியது என் தப்பு. என்னைப் பற்றி எழுதியதும் தப்பு. கால் தப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் கடைக்கு வரவும்.’

முக்கால் மணி நேரம். அனுப்புவதற்கு முன்னால் ரயில்வே சாரிடம் காட்டினேன், எழுத்துப் பிழை பார்க்க. படித்தார். மறுபடி படித்தார். இரண்டு இடத்தில் ஒற்று போட்டார். வேறு எதையும் தொடவில்லை.

“கடைசி வரியை எடுத்துடலாமா சார்?” என்றேன்.

“அது இருக்கட்டும்” என்றார்.

அனுப்பினேன்.

யாரும் போனைப் பார்க்கவில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கணவர் ஒரு வாய் சித்ரான்னா எடுத்தார், லேப்டாப்பில் அந்தப் பன்றிக்காலைப் பார்த்தார், ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“இத மூடுங்களேன் யாராவது.”

“மூடக் கூடாது. தப்பு பண்ணவ நானே சாப்பிடறேன், உங்களுக்கு என்ன?” என்றார் மனைவி.

இரண்டு மணி ஆகிச் சில நிமிஷங்கள் இருக்கும். மேடம்தான் முதலில் பார்த்தார். “அண்ணா!” என்றார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

அந்த முகம் தெரியாதவர் எழுதியிருந்தார்.

‘விளக்கத்துக்கு நன்றி ஐயா. எண்ணிப் பார்த்தேன். நாலு விரல் இருக்கிறது. அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கடைக்குக் கட்டாயம் வருவேன், சந்தேகத்துக்காக இல்லை. இன்னொன்று. ஆட்டுத்தலை பற்றிய பக்கத்துக்குப் படமே கிடையாது. உங்களால் முடியுமா?’

பக்கத்தைத் திறந்தார்கள். என் கால் இருந்தது. பலகையில், நாலு மணி வெயிலில். பளிச்சென்று.

ஆறிப்போன புளியோகரேயை எடுத்துச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ரயில்வே சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்குன்னு ஒரு பயனர் பக்கம் இருக்கு, தெரியுமில்ல? இன்னும் காலியா கெடக்கு. இப்ப எழுதினீங்களே, அதுல முதல் ரெண்டு வரிய அங்க போடுங்க. அறிமுகம்னா அதுதான் சார் அறிமுகம்.”

போட்டேன். சிவாஜிநகரில் ஆட்டுத் தலை, கால் வாட்டும் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சேமித்த உடனே அதன் கீழே முதல் ஆளாக அவரே எழுதினார். ‘நல்வரவு. தங்களிடம் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது.’ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதினார். என்னிடம் வாயால் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் கடை திறந்ததும் பாயிடம் போனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார்.

“பலகை நல்லா வந்திருக்கு” என்றார்.

அன்று வந்த எல்லோருக்கும் காட்டினார். கறி வாங்காமல் வழி கேட்க வந்தவருக்கும் காட்டினார். மத்தியானம் அவரே ஒரு தலையைக் கொண்டுவந்து பலகையில் வைத்து, நேராக நிமிர்த்தி, “எடு” என்றார்.

என் வேலையைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. நாற்றம் அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், சீக்கிரம் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களால் முடியுமா என்று மரியாதையாக முதலில் கேட்டவர், முகமே தெரியாத ஒருவர். அதை நினைத்தால் இன்றைக்கும் தீ முன்னால் நிற்பது சுலபமாக இருக்கிறது.

நேற்று வரை ஏற்றிய படங்கள், நாற்பத்தாறு.